சிரிக்காம எந்திரிச்ச பொணம்

இந்த பெஞ்சுல யாரும் வர்றாங்களா தம்பி? உக்காரலாமா? கொஞ்சம் தள்ளிக்குங்க. ஆங், போதும். டீ குடிச்சிட்டீங்களா? இன்னொண்ணு சொல்லவா? வேண்டாமா, சரி.

நீங்க இந்த ஸ்டுடியோவுக்குள்ள வேலை பாக்குறவருதானே? இடுப்புல டேப்பு தொங்குதே, அதை வச்சுத்தான் கேட்டேன். கேமராவுக்கும் நடிகருக்கும் நடுவுல தூரம் அளக்குற டேப்பு. கேமரா அசிஸ்டென்ட்டா? பாத்தீங்களா, கரெக்டாச் சொல்லிட்டேன். நான் இதையெல்லாம் பாடமா நடத்துறவன் தம்பி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கலைக்கல்லூரி. அங்க விஸ்காம் டிபார்ட்மெண்ட்டுக்கு ஹெச்.ஓ.டி. பேரு மந்திரமூர்த்தி. டாக்டர் மந்திரமூர்த்தி. ஊசி போடுற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்ணி வாங்குனது. சினிமாவுல மௌனத்தை எப்பிடிக் காட்டுறாங்கன்னு ஆராய்ச்சி. அதைப் பத்தி ஆரம்பிச்சேன்னா பொழுது போறதே தெரியாது எனக்கு.

உங்க வாட்ச்மேன் என்னை உள்ள விடமாட்டேங்குறாரு. எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேட்டாரு. சிரிக்க வந்திருக்கேன்னு சொன்னேன். அம்புட்டுதான், கேட்டை இழுத்துச் சாத்திட்டாரு. நான் சொன்னது நிஜம் தம்பி. ஒரு சினிமா கேமராவைப் பாத்து ஒரே ஒரு தடவை சிரிக்கணும், ஊருக்குப் போகணும். அதுக்குத்தான் பஸ் ஏறி வந்திருக்கேன். நான் சிரிச்சாத்தான் என் வீட்டம்மா ஆபரேஷனுக்குப் படுப்பேங்குறா.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. உங்களுக்கென்ன, ஈசியா வருது.

பித்தப்பையில கல்லு தம்பி அவளுக்கு. வலி வந்தா சுருண்டு படுத்துடுவா. டாக்டர், இனிமேலும் தள்ளிப்போட்டா சிக்கலாயிடும், எடுத்துடணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. இவ என்னடான்னா, "மொதல்ல நீங்க மெட்ராசுக்குப் போயி சிரிச்சிட்டு வாங்க. அப்புறம் நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்"னு உக்காந்துட்டா. ஆவுடைத்தங்கம்னு பேரு. நான் தங்கம்னு கூப்பிடுவேன். பேருதான் தங்கம், பிடிவாதம் எல்லாம் இரும்பு.

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். இல்லேன்னா என்னை லூசுன்னு நெனச்சிருவீங்க.

போன வருஷம் என் பிள்ளைங்களை இங்க கூட்டிட்டு வந்தேன். கடைசி வருஷத்துப் பசங்க. படம் எப்பிடி எடுக்குறாங்கன்னு நேர்ல பாக்கணும்ல. ஒரு பஸ் நெறைய வந்தோம். இதே கேட்டு. அப்ப இதே வாட்ச்மேன் எனக்கு சல்யூட் அடிச்சாரு, இப்ப ஞாபகமில்லைங்குறாரு.

உள்ள சுத்திக் காட்டுறதுக்கு ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர் பொண்ணை அனுப்புனாங்க. தென்றல்னு பேரு. நல்ல பொண்ணு. ஆனா புதுசு. "இங்க பாருங்க"ன்னு அது ஆரம்பிக்கும், மிச்சத்தை நான் சொல்லி முடிச்சிருவேன். அதுக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான். கொஞ்ச நேரத்துல அது பேசுறதையே நிறுத்திட்டு என்னையே பாத்துக்கிட்டு வந்துச்சு. நல்லா கத்துக்கிட்டிருக்கும்னு நெனைக்கிறேன்.

செட்டுல ஒரு பெரிய வீடு போட்டிருந்தாங்க. நாலு பக்கமும் தூண், நடுவுல கூடம், மேல கூரை கெடையாது, கூரை இருக்க வேண்டிய இடத்துல பூரா லைட்டு. நான் ஒரு சுவரு பக்கமாப் போயி, "இதைக் கவனிங்க, இது மட்டும் நிஜமாவே கட்டுன சுவரு, லைட் பாரத்தைத் தாங்கணும்ல"ன்னு ஓங்கித் தட்டுனேன். ஆடுச்சு. மேலேருந்து ஒருத்தர், "யோவ்!"னு கத்துனாரு. "எவ்வளவு தத்ரூபமாப் பண்ணிருக்காங்க பாத்தீங்களா"ன்னு பசங்களைப் பாத்துச் சொன்னேன். அதுவும் ஒரு பாடம்தானே.

அன்னிக்கு எடுத்துக்கிட்டிருந்தது ஒரு எழவு வீட்டு சீனு. ஊர்ப் பெரிய மனுஷன் செத்துக் கெடக்குறாரு. கூடத்துல ஐஸ்பெட்டி. வெளிநாட்டுலேருந்து மக ஓடி வந்து கண்ணாடி மேல விழுந்து அழறா. அந்த மகதான் ஹீரோயின். அந்தப் பொண்ணு நல்லாத்தான் அழுதுச்சு. பொணமா நடிக்க வந்தவருதான் சொதப்புனாரு. பாவம், இருமல். மக "அப்பா"ன்னு கதறுவா, அப்பா லொக்குன்னு இருமுவாரு. மறுபடி கதறுவா, மறுபடி லொக்கு. டைரக்டர் தலையில கை வச்சுட்டாரு. சின்ன வயசுக்காரர், தாடி வச்சிருந்தாரு, பாக்கவே பரிதாபமா இருந்துச்சு. ஹீரோயின் சாயங்காலம் வேற படத்துக்குப் போயாகணுமாம்.

அப்பத்தான் தம்பி, அந்த டைரக்டரோட கண்ணு எங்க கூட்டத்து மேல வந்துச்சு. அப்பிடியே ஒவ்வொரு முகமாப் பாத்துட்டே வந்து என் மேல நின்னுச்சு. நானும் அவரைப் பாத்தேன். கலைஞனுக்குக் கலைஞன் சொல்லாமலே தெரியும்.

"சார், உங்களுக்கு இருமல் எதுவும் இல்லையே?"ன்னாரு.

"இல்லை"ன்னேன்.

"கொஞ்ச நேரம் பெட்டிக்குள்ள படுத்துக்க முடியுமா சார்?"

எடுத்த எடுப்புல ஒத்துக்கிட்டா மதிப்பு இருக்காதுல்ல. "கதாபாத்திரத்தோட பின்னணி என்ன?"ன்னு கேட்டேன்.

"செத்துட்டாரு சார்."

"அது சரி, எப்பிடி வாழ்ந்தாரு?"

"சார், ஹீரோயின் கெளம்பிருவாங்க சார். படுங்க சார்"னாரு. கெஞ்சுறாரு மனுஷன். எப்பிடி மறுக்குறது?

முகத்துல மஞ்சளா ஏதோ பவுடர் போட்டாங்க. தாடையைச் சேத்துத் துணியால கட்டுனாங்க. கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, நெத்தியில ஒரு காசு ஒட்டி, ரோஜாப்பூ மாலை போட்டு, மூக்குல பஞ்சு வச்சாங்க. பஞ்சு வச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பயமெல்லாம் இல்ல. மூச்சு விடுற பிரச்சனைதான்.

மொத டேக்ல நான் அந்தப் பெரிய மனுஷனோட வாழ்க்கையை மனசுல ஓட்டிப் பாத்தேன். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்திருப்பாரு, மகளைப் பிரிஞ்சிருப்பாரு. அந்த வேதனையைப் புருவத்துல மட்டும் லேசாக் கொண்டு வந்தேன். "கட்! சார், மூஞ்சியில ஏதோ பண்றீங்க"ன்னாரு டைரக்டர். "பண்றேன்"னேன், பெருமையா. "பண்ணாதீங்க"ன்னாரு. சரின்னு ரெண்டாவது டேக்ல நெறைவா வாழ்ந்து போன மனுஷனோட அமைதியை உதட்டு ஓரத்துல வச்சேன். அதுக்கும் கட். பெட்டி பக்கத்துல வந்து குனிஞ்சு சொன்னாரு, "சார், நீங்க எதுவுமே பண்ணாம இருந்தாலே போதும் சார்." பெரிய பெரிய நடிகருக்குத்தான் தம்பி டைரக்டருங்க அப்பிடிச் சொல்லுவாங்க.

அந்த நேரம் ஓரக்கண்ணால கண்ணாடிக்கு வெளியில பாத்தேன். என் பிள்ளைங்க எல்லாம் செவுத்தோரமா நிக்குது. ஒண்ணு விடாம அத்தனையும் வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்க, கண்ணுல தண்ணி. ஜெபசெல்வின்னு ஒருத்தி, கடைசி பெஞ்சு, கிளாசுல எப்பப் பாத்தாலும் ஃபோனுதான். அந்தப் பொண்ணே தாங்க முடியாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துருச்சு. வாத்தியார் மேல எவ்வளவு பாசம் பாருங்க. நான் இத்தனை வருஷம் பாடம் நடத்துனதுக்கு அன்னிக்குத்தான் பலன் தெரிஞ்சது. நான் கண்ணைத் தெறந்ததால அந்த டேக்கும் கட் ஆச்சு, அது வேற விஷயம்.

அப்புறம் என் பாணியை மாத்திட்டேன். மூச்சைக் கொறச்சு, மனசைக் காலி பண்ணி, நான் இல்ல, நான் இல்லன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே படுத்தேன். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. சமாதி நிலைன்னு சொல்லுவாங்கள்ல, அப்பிடி. ராத்திரி பூரா பஸ்ல வந்த அலுப்புன்னு பசங்க சொல்றானுங்க. சொல்லட்டும். யாரோ தோளைப் பிடிச்சு உலுக்குனப்பத்தான் முழிச்சேன். ஷாட் ஓகே ஆகி ரொம்ப நேரம் ஆச்சாம். "நடுவுல பெட்டிக்குள்ளேருந்து ஒரு சவுண்டு வந்துச்சு சார், டப்பிங்ல பாத்துக்கிறோம்"னாரு டைரக்டர். ஆழமான மூச்சு அப்பிடித்தான் கேக்கும்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன்.

அந்தத் தென்றல் பொண்ணு குனிஞ்சு சொல்லுச்சு, "சார், எந்திரிக்கும்போது கேமராவைப் பாத்து நல்லா ஒரு சிரிப்பு சிரிச்சிருங்க. அதுக்காகவே மறுபடி ஓட விட்டிருக்காங்க."

உங்களுக்குத் தெரியாததா. பொணமா நடிச்சவங்க சிரிக்காம எந்திரிக்கக் கூடாது. கடைசியாக் கேமராவுல பதியிறது சாவா இருக்கக் கூடாது, சிரிப்பா இருக்கணும். சிரிச்சதும் பூசணிக்காயைச் சுத்தி உடைப்பாங்க. எல்லா யூனிட்லயும் இதுதான் வழக்கம். ஒரு நொடி வேலை. ஈன்னு பல்லைக் காட்டிட்டு எந்திரிச்சிருந்தா இன்னிக்கு நான் வீட்டுல ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பேன்.

ஆனா பிள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்குது தம்பி. அறிவியல் யுகத்துல ஒரு பேராசிரியர் அவங்க முன்னால அப்பிடிப் பண்ணலாமா? அதோட, பாத்திரத்துக்குள்ள அவ்வளவு ஆழமாப் போனவன் வெளிய வந்த உடனே இளிக்க முடியுமா? "மாட்டேன்"னேன். பெட்டிக்குள்ள எந்திரிச்சு உக்காந்தேன். மூடநம்பிக்கை கலையை எப்பிடிக் கெடுக்குதுன்னு பேச ஆரம்பிச்சேன். பஞ்சு மூக்குலயே இருந்துச்சு, எடுக்கணும்னு தோணல. தாடைக்கட்டை மட்டும் மேல தள்ளி விட்டுக்கிட்டேன். டைரக்டர், "எனக்காக சார்"னு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஹீரோயினே வந்து, "அங்கிள், ப்ளீஸ்"னுச்சு. கேமராமேன் ஓட விட்டுட்டே காத்திருந்தாரு. பூசணிக்காயோட நின்ன ஆளு கை வலிச்சுக் கீழ வச்சுட்டாரு. நான் விடல. கொள்கைன்னா கொள்கை. பேசி முடிச்சு, பிள்ளைங்களைப் பாத்து, "கேள்வி ஏதாவது?"ன்னு கேட்டுட்டுத்தான் எறங்குனேன்.

என்ன தம்பி அப்பிடிப் பாக்குறீங்க? "அந்த சார் நீங்கதானா"ன்னா கேக்குறீங்க? கேள்விப்பட்டிருக்கீங்களா? என்னைப் பத்தியா? வேற யூனிட்லயுமா? "சிரிக்காத பொணம்"னா சொல்றாங்க? அட! கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஒரே படம்தான் பண்ணேன், அதுலயே இண்டஸ்ட்ரியில பேரு நிக்குது பாருங்க.

படம் பாதியில நின்னுபோச்சா? அதுக்கும் நான் சிரிக்காததுதான் காரணமா? என்ன தம்பி, படிச்சவரு நீங்களுமா! அதனாலதான் அந்த டைரக்டர் என் குரலைக் கேட்டாலே ஃபோனை வச்சிடுறாரா? நான் டவர் இல்லைன்னுல்ல நெனச்சேன்.

சரி, கேளுங்க. எங்க பஸ் ஊருக்குத் திரும்புறதுக்குள்ள அந்த ஜெபசெல்வி ஒரு வேலை பண்ணிட்டா. பெட்டிக்குள்ள நான் மாலையோட கெடக்குறதை ஃபோட்டோ எடுத்து, "எங்க சார்"னு மட்டும் எழுதி ஸ்டேட்டஸ்ல வச்சுட்டா. அவ்வளவுதான். அது எங்கெங்கயோ போயி எங்க தெருவுக்கு வந்துருச்சு. என் ஃபோன்ல சார்ஜ் இல்ல. காலையில வீட்டு முன்னால வந்து எறங்குறேன், வாசல் பூரா செருப்பு. பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கு. எதிர்வீட்டு அக்கா என்னைப் பாத்துட்டு "ஆத்தீ"ன்னு அலறிட்டு உள்ள ஓடுனாங்க. என் மச்சினன் கையில மாலையோட நின்னுக்கிட்டிருந்தான். என்னைப் பாத்ததும் அதை என்ன பண்றதுன்னு தெரியாம என் கழுத்துலயே போட்டுட்டான்.

தங்கம் மட்டும் அழல. மூலையில உக்காந்திருந்தா. எந்திரிச்சு வந்தா, என்னை மேலயும் கீழயும் பாத்தா. கையைத் தொட்டா. கிள்ளுனா. அப்புறம் அடுப்படிக்குள்ள போயி வந்தவங்க அத்தனை பேருக்கும் காப்பி போட்டா. நான்தான் சொன்னேன்ல, நெஞ்சழுத்தக்காரி.

அதோட போயிருக்கும். சாயங்காலம் ஜெபசெல்வி மன்னிப்புக் கேக்க வந்தா. வந்தவ சும்மா போகாம, "சாரு சிரிக்கவே மாட்டேன்னுட்டாரு மேடம்"னு அந்தக் கதையையும் சொல்லிட்டுப் போயிட்டா. அதைக் கேட்டதும் தங்கத்துக்கு முகம் மாறிப்போச்சு. "ஒரு சிரிப்பு சிரிச்சா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"ன்னா. அன்னிக்குக் கேக்க ஆரம்பிச்சவதான்.

குளியலறையில வழுக்கி விழுந்தேன், "சிரிச்சீங்களா?"ன்னு கேட்டா. காய்ச்சல் வந்துச்சு, "சிரிச்சிருந்தா வந்திருக்குமா?" பைக்ல போகும்போது ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. ஆட்டுக்குமா தம்பி நான் சிரிக்கலைன்னு தெரியும்? எல்லாத்துக்கும் விஞ்ஞானப்பூர்வமாக் காரணம் இருக்கு. சோப்பு. கொசு. ஆடு. நான் எடுத்துச் சொன்னேன். எனக்கு இதுல துளி நம்பிக்கை கெடையாது. காலேஜ் விழாவுல மாலை போட வந்தா இப்பெல்லாம் கையில வாங்கிக்கிறேன், அது கழுத்து அரிக்குதுன்னுதான். மல்லாக்கப் படுக்குறதையும் விட்டுட்டேன். அது முதுகுக்கு நல்லது.

அப்பத்தான் அவளுக்கு இந்த வலி வந்துச்சு. ஸ்கேன் எடுத்தா கல்லு. ஆபரேஷன்னதும் இந்தப் பேச்சை எடுத்தா. "நான் மயக்க மருந்துல கெடக்கும்போது உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்குறது? மொதல்ல உங்க விஷயத்தை முடிங்க"ங்குறா. அவளுக்குத்தான் ஆபரேஷன், என்னைப் பத்திப் பேசுறா. பயம் தம்பி. கத்தியைக் கண்டு பயம். அதை வெளிய சொல்ல வெக்கம், என் மேல தூக்கிப் போடுறா. எனக்குத் தெரியாதா, மனசைப் படிக்கிறதுதானே நம்ம தொழிலு.

ஃபோன்லயே ஒரு சிரிப்பை எடுத்துக் காட்டுனேன். பின்னால கறுப்புத் துணியெல்லாம் கட்டி, மெட்ராஸ்ல எடுத்ததுன்னேன். ஒரு தடவைதான் பாத்தா. "இது பல்டாக்டர்கிட்ட காட்டுற வாயி. உங்க சிரிப்பு எனக்குத் தெரியாதா? சினிமாக் கேமராவுல, நெசமாச் சிரிச்சிட்டு வாங்க"ன்னுட்டா. ஞாயித்துக்கிழமை போறேன்னேன். முடியாது, நேத்து ராத்திரியே கெளம்பணும்னு ஒத்தக்கால்ல நின்னா. எனக்கு இட்லி கட்டிக் குடுத்தா, அவ ஒண்ணும் சாப்பிடல. பசிக்கலையாம். அவ தம்பியை விட்டு என்னை பஸ்ல ஏத்தி, பஸ் நகர்ற வரைக்கும் பாத்துட்டு வரச் சொல்லிருக்கா. நடுவுல எறங்கி ஓடிருவேன்னு நெனச்சா போல.

இதான் தம்பி கதை. இப்ப வாட்ச்மேன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை…

என்ன? வண்டியிலயா? அந்த மரத்தடியில நிக்குதே, அந்த வேனா? கேமரா அதுக்குள்ளயேவா இருக்கு? சாப்பாட்டு பிரேக் முடியிறதுக்குள்ள எடுத்துறலாமா? உங்க கேமராமேன் ஒண்ணும் சொல்லமாட்டாரா? இதுக்கெல்லாம் யாரும் வேண்டாம்னு சொல்லமாட்டாங்களா! தம்பி, நீங்க நல்லா இருக்கணும். உங்க பேரே கேக்கலையே நான். கதிரவேலா? நல்லா இருங்க கதிரவேலு.

இங்க நிக்கட்டுமா? வெயிலு கண்ணுல அடிக்குதே. பரவாயில்லையா, சரி. மாலை எதுவும் வேண்டாமே? வேண்டாம் வேண்டாம், சும்மா கேட்டேன். டேப்பை என் மூக்குல வைக்கிறீங்களா, ஃபோகஸா, வைங்க வைங்க. தலையை மட்டும் சீவிக்கிறேன்.

ஓடுதா? சரி.

ஹா ஹா. இல்லையா? இருங்க. ஹஹ்ஹஹா. இதுவும் பல்டாக்டர்தானா? கொஞ்சம் நேரம் குடுங்க, நான் ஒரு முறை சொல்லிக் குடுப்பேன் பிள்ளைங்களுக்கு. பழைய சந்தோஷமான விஷயத்தை நெனைக்கணும், அதை அப்பிடியே முகத்துக்குக் கொண்டு வரணும். நெனச்சேன். எதை நெனச்சாலும் அதுல அவதான் வந்து நிக்கிறா. கல்யாணத்தை நெனச்சா அவ. மகளுக்குக் காது குத்துனதை நெனச்சா அவ. உடனே அந்த ஆஸ்பத்திரி வாசம் வந்துருது.

தம்பி, கேமரா ஓடட்டும், நான் ஒண்ணு சொல்றேன். அவளுக்குப் பயம் பயம்னு சொன்னேன்ல. எனக்குத்தான் பயம். அந்த டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு, இங்க ஓட்டை போடுவோம், இங்க கேமரா விடுவோம்னு. இவ என்னமோ சமையல் குறிப்பு கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டிருந்தா. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ உள்ள போயி கதவைச் சாத்திட்டாங்கன்னா நான் வெளியில என்ன பண்ணுவேன்? இந்த உலகத்துல எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா? அவ சிரிச்சிட்டு வாங்கன்னு அனுப்புனப்ப உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நான் சிரிக்கிற வரைக்கும் ஆபரேஷன் நடக்காதுல்ல. எப்பிடி தம்பி சிரிப்பேன் நான்?

இருங்க, ஃபோன் அடிக்குது. அவதான்.

தங்கம், சொல்லு. இதோ கேமரா முன்னாலதான் நிக்கிறேன். இல்ல, வரமாட்டேங்குது. சிரிப்புதான், வேற என்ன. உன் குரல் ஏன் இப்பிடி இருக்கு? தொண்டை கட்டியிருக்கா? எங்க இருக்க? எந்த ரூமு? மாடியில எந்த ரூமு? நம்ம வீட்டுல ஏது மாடி?

தங்கம், இரு இரு. மெதுவாச் சொல்லு. எப்ப? காலையிலயா? யாரைக் கேட்டு? ஆவுடைத்தங்கம்!

தம்பி, ஆபரேஷன் முடிஞ்சிருச்சாம். காலையில மொத ஆளா இவளைத்தான் கூட்டிட்டுப் போனாங்களாம். நல்லபடியா முடிஞ்சுதாம். கல்லை டப்பாவுல போட்டுக் கையில குடுத்திருக்காங்களாம், சுண்டல் மாதிரி இருக்காம்.

ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் பக்கத்துல இருக்க வேண்டாமா? என்னது? நானா? நான் எப்ப மயங்கி விழுந்தேன்? அது பாப்பா பொறந்தப்ப. அது வெயிலு தங்கம். ஆஸ்பத்திரிக்குள்ள ஏது வெயிலா? சரி, அது… சரி. நர்சு உன்னை விட்டுட்டு எனக்கு சோடா வாங்க ஓடுனாளா? அது எனக்குத் தெரியாதே. பிள்ளை அழுகுறதைக் கேட்டு நீயே எந்திரிச்சு வந்தியா? இத்தனை வருஷமா ஏன் சொல்லல?

கேக்குறீங்களா தம்பி, என்னை வெளியில உக்கார வச்சுட்டு உள்ள அவளால நிம்மதியா மயங்க முடியாதாம். "உங்களை எங்கயாவது தொலைவா அனுப்புனாத்தான் எனக்குத் தைரியம். அதான் சிரிக்க அனுப்புனேன்"ங்குறா. என்ன தங்கம்? அப்ப அந்தச் சிரிப்பு? அதுவும் வேணுமா? ரெண்டு வேலையும் ஒரே நாள்ல முடியட்டும்னுதானா? அடிப்பாவி! கல்லையும் எடுத்துக்கிட்டு, என்னையும் இங்க வெயில்ல நிக்க வச்சு, நீ அங்க… அடிப்பாவி…

என்ன தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறீங்க? யாரு சிரிக்கிறா? நானா? நான் அழுகுறேன் தம்பி. இல்ல, ரெண்டும்தான் வருது. நிறுத்த முடியல. மூக்கு வேற ஒழுகுது, முகம் கண்றாவியா இருக்கும். இருக்கட்டும். தங்கம், கேக்குதா? இதுதானே? இதுதான்டி! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நீயும் சிரிக்காத, தையல் பிரிஞ்சிரும்!

கட் சொல்லிராதீங்க கதிரவேலு. ஓடட்டும். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.